கூட வந்தவர்

கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வர வேண்டியது என்னோடு பயிற்சியில் இருந்த பேக்கரிக்காரரின் அம்மா. வந்து நின்றதோ என் சொந்த அக்கா. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, எனக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைத் தெரிந்தவள் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று எனக்குக் கடைசித் தேர்வு. மனநோய் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு மாத்திரையோடு ஒருவழியாகக் குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்ட எங்களைப் போன்றவர்களைப் பொறுக்கி எடுத்து, புதிதாக நோயில் விழுகிறவர்களுக்குத் துணையாக உட்காரப் பழக்குகிற பயிற்சி அது. வேலைக்குத் துணையாளர் என்று பெயர். டாக்டர் மருந்து எழுதுவார், நர்ஸ் ஊசி போடுவார். துணையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் இது வந்தது, இதோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொல்வார். கேட்பதற்கு என்னவோ லேசாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் இடுப்பு ஒடிந்துவிடும்.

தேறினால் அதே ஆஸ்பத்திரியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. இத்தனை வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கம் போய் உட்காரலாம். அந்த ஒரு நாற்காலிக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணக் கனவு கண்ட வயதில்கூட இத்தனை ஏங்கியதில்லை.

பயிற்சி நடந்தது ஆஸ்பத்திரியின் பின்பக்கம், முன்பு துணி தேய்க்கும் அறையாக இருந்த இடத்தில். சுவரில் இன்னும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. மழை பெய்தால் எங்கிருந்தோ கஞ்சி வாடை வரும். நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சுவரோரப் பெஞ்சுகளில் நாங்கள்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் டிரைவரம்மா. பல வருடம் பஸ் ஓட்டியவர். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, ஒரு நாள் ரோட்டோரமாக பஸ்ஸை நிறுத்தி, பயணிகளை எல்லாம் இறக்கிவிட்டு, தானும் இறங்கி, காக்கிச் சட்டையோடு நேராக இந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தவர். "ஒருத்தரையும் இடிக்காம நிறுத்தினேன்ல, அதவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேணும்?" என்பார். குரல்கள் இப்போதும் வருமாம். "வந்தா வரட்டும். பின்சீட்டுல போய் உக்காருன்னு சொல்லிடுவேன்."

நடித்துப் பார்ப்பதுதான் எங்கள் முக்கியப் பாடம். ஒருவர் துணையாளர், இன்னொருவர் உதவி தேடி வந்தவர். எங்களுக்கு நடிக்கிற வேதனையெல்லாம் சொந்த வேதனைக்குப் பக்கத்து வீடு என்பதால், டிரைவரம்மா ஒரு விதி வைத்திருந்தார். நடிப்பு நிஜமாகிவிட்டது என்று யாருக்குத் தோன்றினாலும் உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அதற்கு பிரேக் என்று பெயர். பிரேக் போட்டால் எல்லாம் நின்றுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

தேர்வுக்கு மட்டும் வெளியாட்கள் வேண்டும் என்பதால் எங்கள் வீட்டு ஆட்களையே உதவி தேடி வந்தவர்களாக நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனால் ஒரே வீட்டுக்காரர்கள் எதிரெதிரே உட்காரக் கூடாது. இதை டிரைவரம்மா மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லியிருந்தார். அப்படியிருக்க, இவள் எப்படி இங்கே?

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டவள். அத்தான் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்பதால், வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். என் மாத்திரைகளை ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பாள். ஆரம்பத்தில் அதற்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வருடங்கள் போன பிறகும், தினமும் அவள் கையை நீட்டி மாத்திரை கொடுக்க, நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட, கோழிக்குஞ்சுக்குத் தீவனம் போடுவது போல அந்தக் கூத்து தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதை. முன்மேசையில் இருக்கிற நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்து, "கூட யாரு வந்திருக்கா?" என்பார். "நான்தான் சிஸ்டர், கூட வந்தவ," என்பாள் அக்கா. அதன் பிறகு நான் அங்கே ஒரு குடை மாதிரி. "தூங்கறாளா? சாப்பிடறாளா? தனியாப் பேசிக்கறாளா?" எல்லாம் அக்காவிடம்தான். அக்காவும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். நான் ஒரு தலையணையைக் கிழித்து, பஞ்சுக்குள் ஒட்டுக் கேட்கிற கருவி இருக்கிறதா என்று தெருவில் உட்கார்ந்து தேடிய கதையை, புதிதாக எந்த டாக்டர் வந்தாலும் கை கால் ஆட்டிச் சொல்லுவாள். பஞ்சு எவ்வளவு தூரம் பறந்தது என்பது உட்பட. என் கதை, அவள் வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடமே அதுதான். 'உங்க கதைய மட்டும் சொல்லுங்க. அடுத்தவங்க கதைய அவங்கதான் சொல்லணும்.' டிரைவரம்மா அதைச் சொன்ன அன்று வீட்டுக்குப் போய் அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் படித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க," என்றாள். உறைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

தேர்வுக்கு நான் தயார் செய்ததெல்லாம் அவளை வைத்துத்தான். நான் துணையாளர், அவள் வந்தவள். அவளுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன், அடுப்புல வேலை இருக்கு," என்று உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து பிரேக் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு கேள்வியை மட்டும் தன்னிடம் கேட்கவே விடமாட்டாள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கிற கேள்வி. பயிற்சியிலேயே கஷ்டமான இடம் அது. "சுத்தி வளைக்காதீங்க, நேரா கேளுங்க. நீங்க கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. இருந்தா வெளிய வரும்," என்று சொல்லித் தந்திருந்தார் டிரைவரம்மா. வீட்டில் நான் வாயெடுத்தாலே அக்கா கையை உதறுவாள். "அத மட்டும் என்கிட்ட கேக்காதடி. வீட்டுக்குள்ள அந்தப் பேச்செல்லாம் வேணாம்." சரிதான் போ என்று அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவேன். தாண்டித் தாண்டியே பழகிவிட்டது.

இப்போது அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இவங்களுக்கு இல்லையே?" என்றார் டிரைவரம்மா. "ஒரே வீட்டு ஆளுங்க உக்காரக் கூடாதுன்னு சொன்னேனே."

"அந்தம்மாவுக்குத் தலை சுத்துதுங்க. வெளிய உக்கார வச்சிட்டு வந்தேன். அவங்களுக்குப் பதிலா நானே பண்ணிடறேன்," என்றாள் அக்கா, நிமிர்ந்து பார்க்காமலே.

மார்க் போட வந்திருந்தவர் எங்கள் டாக்டர். எனக்கு வருடக்கணக்காக வைத்தியம் பார்க்கிறவர். இந்தத் துணையாளர் விஷயத்தில் அவருக்குப் பாதி நம்பிக்கைதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கட்டும், ஆரம்பிங்க. எனக்கு வெளிய கூட்டம் காத்துட்டிருக்கு. நடிப்புதானே, யார் பண்ணினா என்ன?"

டிரைவரம்மாவுக்கு மனசே இல்லை. இருந்தாலும் குனிந்து, அக்கா நடிக்க வேண்டிய பாத்திரத்தை அவள் காதில் சொன்னார். அக்கா தலையாட்டினாள். சமையலறையில் வைக்கிற சின்ன மணிக்கடிகாரம் ஒன்றைத் திருகி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னைத் தனியாக ஒரு தேர்வு எழுதக்கூட விடமாட்டாளா? இங்கேயும் வந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாளா? ஆனாலும் அந்த நாற்காலி கண்முன் நின்றது. கோபத்தை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வாங்க. தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட அக்காவை 'நீங்க' என்றதும் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வேணாங்க," என்றாள் அக்கா.

"நான் இங்க துணையாளரா இருக்கேன். இதே ஆஸ்பத்திரில நானும் படுத்திருக்கேன். நீங்க இங்க பேசறது வெளிய போகாது. ஆனா உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் மறைக்க மாட்டேன். அத முதல்லயே சொல்லிடறேன்."

"தெரியும்," என்றாள்.

வருகிறவர்கள் யாராவது 'தெரியும்' என்பார்களா? இதுகூட வரவில்லையே என்று பல்லைக் கடித்தேன்.

"எதுக்காக வந்தீங்கன்னு உங்க இஷ்டம் போலச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

அக்கா கைப்பையின் பிடியைத் திருகினாள். "தூக்கம் இல்லீங்க. விட்டத்தப் பாத்துட்டே படுத்திருக்கேன். குளிக்கணும்னா மலையேறற மாதிரி இருக்கு. யாராவது பேசினா அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி கேக்குது. சத்தம் வருது. எனக்காகப் பேசறாங்கன்னு தோணல."

அத்தனையும் என் வார்த்தைகள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது நான். குளியல் மலையாக இருந்தது எனக்கு. அடுத்த வீட்டு ரேடியோ நான் டாக்டரிடம் சொன்னது, இதோ உட்கார்ந்திருக்கிறாரே இதே டாக்டரிடம், அக்கா பக்கத்தில் இருக்கும்போது. என் தேர்வில், என் எதிரிலேயே உட்கார்ந்து, என் நோயை எடுத்து உடுத்திக்கொண்டு ஊரைக் கூட்டிக் காட்டுகிறாள். தலையணைப் பஞ்சு ஒன்றுதான் பாக்கி.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதே நினைப்புதான், என்ன, வயிற்றெரிச்சலோடு.

கேட்க வேண்டிய கேள்வி வந்துவிட்டது. வீட்டில் தாண்டித் தாண்டிப் போன கேள்வி. இங்கே தாண்டினால் மார்க் போய்விடும். நீயாச்சு நானாச்சு என்று நேராகவே கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது துணையாளர் கேட்கிற தொனியே இல்லை, சண்டைக்கு இழுக்கிற தொனி.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தோணுது."

"எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. "அதுக்கு எங்கயும் தேடிப் போக வேண்டாங்க. சாவி என்கிட்டதானே இருக்கு. அவகிட்டேருந்து ஒளிச்சு வைன்னு எல்லாரும் சொன்னாங்க. என்கிட்டேருந்து ஒளிக்கணும்னு யாருக்கும் தோணல."

என் கதையில் சாவி என்னிடம் இருந்ததே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், ரவிக்கைத் தோள்பட்டையில் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தாள், அந்த அளவுக்கு இளைத்திருந்தாள். தினமும் கையை நீட்டி மாத்திரை கொடுத்த முகம். நான் நாக்கைத் தூக்கிக் காட்டியபோதெல்லாம் என் கண் விட்டத்தில்தான் இருந்தது, அவளைப் பார்க்கக் கூடாது என்கிற வீம்பில்.

பிரேக் போட்டிருக்க வேண்டும். என் கை மேசைக்கு மேலே எழுந்தும்விட்டது. ஆனால் போட்டால் என்ன ஆகும்? டாக்டர், பெஞ்சில் இத்தனை பேர், எல்லாரும் ஒரே நொடியில் தெரிந்துகொள்வார்கள். நடிப்பு என்கிற திரையை நான் கிழித்தால் இவள் வாயை மூடிக்கொண்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்காகத்தான் கையை இறக்கவில்லையா, அல்லது தேர்வு போய்விடும் என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"பெட்டிய நீ எப்பவாவது..." நாக்கு குழறியது. "நீங்க தொறந்தீங்களா?"

"தொறந்தேன்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது, பால் வாங்கினேன் என்பது போல. "பக்கத்து ரூம்ல ஒருத்தி சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணிட்டிருந்தா. நீங்க பேசறது வெளிய போகாது, உயிருக்கு ஆபத்துன்னா மறைக்க மாட்டேன்னு. திரும்பத் திரும்ப, அதே இடத்துல தப்பு விட்டுட்டு. அதக் கேட்டுட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் மூடிட்டேன்."

பெஞ்சில் சிரிப்பு அலை ஓடியது. பயிற்சியாளர்களைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மணி அடித்தது.

முதலில் கை தட்டியவர் டாக்டர். உடனே எல்லாரும் தட்டினார்கள். பேக்கரிக்காரர் எழுந்து நின்றே தட்டினார். "பிரமாதம்!" என்றார் டாக்டர். "மாசாமாசம் பாக்கறேன், உங்க அக்காவுக்குள்ள இப்படி ஒரு நடிகை இருக்காங்கன்னு தெரியாமப் போச்சே. நீயும் அந்தக் கேள்விய விடாம நேரா கேட்ட. நடுவுல ஒரு 'நீ' வந்துடுச்சு, பரவாயில்ல. தேறிட்ட, போ!"

தேறிவிட்டேன். நான் இத்தனை ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. எல்லாரும் எழுந்து டீ குடிக்க நகர்ந்தார்கள். நாற்காலிகள் கரகரவென்று இழுபட்டன. கை தட்டாதவர் ஒரே ஒருவர்தான். டிரைவரம்மா மணிக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நின்றார். "நான் நடிக்கச் சொன்னது ரிட்டயர் ஆகி பொழுது போகாத வாத்தியார் ஆச்சே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, பாராட்டு வந்தால் சிரிக்க வேண்டுமே என்பதற்காக. ஆனால் அவள் கை மேசை மேல் இருந்தது. உள்ளங்கை கவிழ்ந்து, விரல்கள் விரிந்து, நகமெல்லாம் வெளுத்துப் போகிற அளவுக்கு மேசையை அழுத்திக்கொண்டு.

எப்போது வைத்தாள்? மணிக்கு முன்னாலா, கைதட்டலின் நடுவிலா? நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. வீட்டில் அடுப்பைச் சாக்கு வைத்துத் தட்டிவிட்டு ஓடுகிற அதே கை. இப்போது ஓடாமல், யாராவது பார்க்கட்டும் என்று அங்கேயே இருந்தது.

"பிரேக்," என்றேன்.

நாற்காலிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பிரேக்! எல்லாரும் நில்லுங்க!"

"மணிதான் அடிச்சாச்சே," என்று சிரித்தார் டாக்டர்.

"நடிப்பு இல்ல டாக்டர்!" நான் கத்தினேன். ஆஸ்பத்திரியில் கத்தினால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. ஆனாலும் கத்தினேன். "அவ கையப் பாருங்க. அவ சொன்னது எதுவுமே நடிப்பு இல்ல!"

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. அவர் கை, தட்டுவதற்காகச் சேர்ந்த கை, இன்னும் பிரியாமல் இருந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அடுத்த நொடியே, நானும் அவரும் ஒன்றுதானே என்று தோன்றி ஆத்திரம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

டிரைவரம்மாதான் முதலில் அசைந்தார். எல்லாரையும் கண்ணாலேயே வெளியே அனுப்பினார். அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைத் தொடவில்லை. "நிறுத்தியாச்சும்மா. வண்டி நின்னாச்சு. கைய எடுக்கணும்னு தோணும்போது எடுங்க."

டாக்டர் நெருங்கி வந்தார். "நான் பேசறேன். என் ரூமுக்கு வாங்கம்மா."

"வேணாம் டாக்டர்," என்றாள் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னாள். "உங்ககிட்ட நான் அவளப் பத்தித்தான் பேசிப் பழகிட்டேன். வாயத் தொறந்தா அவ தூங்கறா, சாப்பிடறான்னுதான் வரும்."

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது.

அக்கா மெதுவாகக் கையை எடுத்தாள். மேசையில் ஈரமாக அவள் கையின் அச்சு விழுந்திருந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ச் சங்கிலியைக் கழற்றி, சாவியோடு டிரைவரம்மாவின் முன்னால் வைத்தாள். "இத அவகிட்டயும் குடுக்காதீங்க. என்கிட்டயும் குடுக்காதீங்க."

"அக்கா," என்றேன். பயிற்சி முழுக்க மனப்பாடம் செய்ததில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"போடி, வெளிய இரு," என்றாள் அக்கா. கோபமாக இல்லை.

"நானும் கூட இருக்கேனே. நான் அவ தங்கச்சிம்மா," என்றேன் டிரைவரம்மாவிடம்.

"அதனாலதான் வெளிய இருக்கச் சொல்றாங்க." கதவுவரைக்கும் என்னோடு வந்தார். தணிந்த குரலில் சொன்னார். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"சாவின்னு சொன்னப்ப."

"அப்பவே பிரேக் போட்டிருக்கணும். டாக்டர் தேறிட்டன்னு சொன்னாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த தடவை வா."

தலையாட்டினேன். அந்த நேரத்திலும் அது சுருக்கென்று குத்தியது, பொய் சொல்லமாட்டேன். கதவு மூடிக்கொண்டது.

வெளியே, டாக்டர் அறைக்குப் போகிற நடைபாதையில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். கூட வந்தவர்கள் உட்காருகிற இடம். வருடக்கணக்கில் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அக்கா எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு கால் குட்டை. ஒரு பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டே இருந்தால்தான் ஆடாமல் நிற்கும். கொஞ்ச நேரத்திலேயே கெண்டைக்கால் கடுத்தது. பக்கத்தில் நல்ல நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் அங்கிருந்து பார்த்தால் டாக்டர் அறைக் கதவு தெரியாது. இதிலிருந்துதான் தெரியும்.

பேக்கரிக்காரரின் அம்மா கையில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலைசுற்றலுக்கான அடையாளம் எதுவும் இல்லை.

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்." டீயை என் கையில் திணித்தார். "உங்க அக்காதான் என் கையப் புடிச்சுட்டுக் கெஞ்சினா. 'உங்க இடத்த எனக்குக் குடுத்துடுங்க, அவ எதிர்லதான் நான் உக்காரணும், இன்னைக்கு விட்டா எனக்குத் தைரியம் வராது'ன்னு. தங்கச்சி பாஸ் பண்ணணும்னு எவ்வளவு பாசம்னு நினைச்சுக்கிட்டேன். கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அப்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக விழுந்தது. அவளுக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆபத்து என்று சொன்னால் நான் மறைக்கக் கூடாது என்பதும் தெரியும், 'தெரியும்' என்று என் முகத்துக்கு நேரே சொன்னாளே. வீட்டில் கேட்கவிடாத கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டிய ஒரே இடம் அதுதான். அங்கே வந்து உட்கார்ந்தாள். சொந்தமாகச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாததால் என் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். நானோ அவள் என் கதையைத் திருடுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நடைபாதையின் கோடியிலிருந்து முன்மேசை நர்ஸ் வேகமாக வந்தார். டாக்டர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் வழக்கம் போல என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அட்மிஷன்னு சொன்னாங்க. என்னம்மா, மறுபடியும் உடம்பு முடியலையா? உங்க அக்கா எங்க? கூட யாரு வந்திருக்கா?"

எழுந்தேன். நாற்காலி டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"பேஷண்ட் நான் இல்ல சிஸ்டர். அக்காதான். நான் கூட வந்தவ."

நர்ஸ் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "சரி, சொல்லுங்க. தூங்கறாங்களா? சாப்பிடறாங்களா? தனியாப் பேசிக்கறாங்களா?"

வாயைத் திறந்தேன். ஒரே வீடு. ஒரே அடுப்பு. என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மூன்று கேள்வியில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியவில்லை.

"உள்ளதான் இருக்கா சிஸ்டர்," என்றேன். "அவகிட்டயே கேளுங்க."